தெற்கே பதினேழு டிகிரி

பயணம் போகலாம் என்று முதலில் சொன்னவன் என் கணவன் பிர்கிர். கடைசியில் வராமல் போனவனும் அவனேதான்.

அவனுக்கு மீன்பிடிக் கப்பலில் வேலை. ஒரு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடே தெரியாதபடி பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, சோபாவில் படுத்தபடி சொன்னான்: "ஜூன்ல அம்மாவையும் கூட்டிக்கிட்டு எங்கயாவது போவோம் ஸ்வாலா. அப்பா போனதுக்கப்புறம் அவங்க அந்தப் பள்ளத்தாக்க விட்டு வெளியவே வரல."

பிப்ரவரியில் ஜூன் மாதத்தை நினைத்தால் யாருக்கும் மனசு இளகிவிடும். நானும் சரி என்றேன்.

என் மாமியார் யோருன், நாங்கள் இருக்கும் கிராமத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆட்டுப் பண்ணையில் தனியாக இருக்கிறார். நான் தலைநகரத்துப் பக்கம், தெற்கே வளர்ந்தவள். கல்யாணமாகி வடக்கே வந்து மூன்று வருஷமாகிறது. கிராமத்துப் பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எனக்கும் யோருனுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை வரும் அளவுக்கு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. சாப்பாட்டு மேஜையில் பிர்கிர் நடுவில் உட்கார்ந்திருப்பான். அவர் அவனிடம் சொல்வார், நான் அவனிடம் சொல்வேன். அவன் இல்லாதபோது இருவருமே ஜன்னல் பக்கம் திரும்பி, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்ப்போம்.

மே மாதம் ஆடுகள் குட்டி போடும்போது பண்ணைக்கு உதவிக்குப் போனேன். பிறந்த குட்டியின் ஈரம் துடைத்து, தாயின் மடியில் வாய் வைக்கப் பழக்கவேண்டும். நான் தடுமாறுவதை யோருன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன பொண்ணே, கண்ணாடிப் பாத்திரத்தையா தூக்குற? உடைஞ்சிடாது, இறுக்கிப் பிடி" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மே கடைசியில் கப்பலிலிருந்து பிர்கிர் கூப்பிட்டான்.

"மீன் ரொம்ப நல்லா கிடைக்குது. இன்னும் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் திரும்புவோம்னு கேப்டன் சொல்லிட்டாரு."

"அப்ப பயணம்?"

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்."

"நாங்க ரெண்டு பேருமா?"

"அம்மாவுக்கு ரொம்ப ஆசை ஸ்வாலா. பெட்டியெல்லாம் எடுத்து வெச்சிட்டாங்க. இப்ப வேண்டாம்னா மனசு உடைஞ்சிடும்."

அதற்குமேல் நான் என்ன சொல்ல முடியும்.

நான் பள்ளத்தாக்கில் எல்லாரையும்விட ஒழுங்காகத் திட்டம் போடுகிறவள். கிழக்கே உள்ள காட்டில் கூடாரம் போட இடம் பார்த்து வைத்திருந்தேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற மடக்குக் கூடார வண்டி ஒன்றை, பள்ளியில் கூட வேலை செய்பவளிடம் இரவல் வாங்கியிருந்தேன். எந்த ஊரில் நீச்சல்குளம் சூடாக இருக்கும், எங்கே கேக் நன்றாக இருக்கும் என்பதுவரை எல்லாம் முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை இதைச் சொல்லலாம் என்று பண்ணைக்குப் போனால், யோருன் சமையலறையில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழக்கே வேண்டாம்" என்றார். "வடக்குக் காத்து கிளம்புது. அங்க ஆறு டிகிரி, மழை. நம்ம பக்கமும் புதன்கிழமைக்கு மேல பனி விழும்னு போட்டிருக்கான்."

"ஜூன் மாசத்துலயா?"

"வந்திருக்கறது ஜூன்னு அதுக்கு யாரு சொன்னா?"

அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. என் திட்டம் மேஜைமேல் அப்படியே கிடந்தது.

"தெற்கே பதினேழு டிகிரி" என்றார் மறுபடியும் படத்தைப் பார்த்து. "நல்ல வெயில். ஞாயித்துக்கிழமை கிளம்பினா செவ்வாய்க்கிழமைக்குள்ள திரும்பிடலாம். ஆடுங்கள தோர்கில்ஸ் பாத்துக்கறேன்னிருக்காரு."

தோர்கில்ஸ் பக்கத்துப் பண்ணைக்காரர். நல்ல மனிதர். ஆனால் குளிர்காலத்தில் முட்டியில் அறுவை செய்துகொண்டவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். யோருன் பெரிய கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு, மருத்துவமனைக்குப் போகிறவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மலைமேட்டுச் சாலையில் ஏறும்வரை "குளிருதா?", "இல்ல, உங்களுக்கு?" என்பதோடு சரி. மேட்டைக் கடந்து தெற்குப் பக்கம் இறங்கினதும் வெயில் முகத்தில் அடித்தது. சாலையோரம் பிர்ச் மரங்கள் இலைவிட்டிருந்தன. எங்கள் பக்கத்தில் அவை இன்னும் மொட்டையாகத்தான் நின்றன.

கூடாரம் போடும் இடத்தில் நல்ல கூட்டம். நாட்டில் பாதிப் பேர் அதே வானிலைப் படத்தைப் பார்த்துவிட்டு அங்கே வந்திருந்தார்கள். கூடார வண்டியை விரித்து நிறுத்துவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு கம்பி மிச்சமிருந்தது. அது எங்கே போகவேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"இத அவங்க சும்மா கூடவே வெச்சிருக்காங்க போல" என்று யோருன் அதை வண்டிக்குள் இருந்த கட்டிலுக்கடியில் தள்ளினார். பக்கத்துக் கூடாரத்துக்காரர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மறுநாள் திங்கட்கிழமை, சொன்னபடியே பதினேழு டிகிரி. எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் கிடந்தார்கள். காலையில் நீச்சல்குளத்தில் குளித்துவிட்டு, பெட்ரோல் பங்க் கடையில் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். யோருன் அந்தக் கம்பளிச் சட்டையைக் கழற்றவே இல்லை. வெயிலுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும், நிமிஷத்துக்கு ஒரு தரம் மடியிலிருந்த துண்டுக்கடியிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. பிர்கிர் ஏதாவது அனுப்பினானான்னு."

பொய். எனக்குப் பக்கவாட்டில் திரை தெரிந்தது. வானிலைப் படத்தில் எங்கள் வடக்குப் பக்கம் முழுக்க எச்சரிக்கை நிறத்தில் இருந்தது.

அப்போது போன் அடித்தது. தோர்கில்ஸ். யோருன் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். ஆனாலும் குரல் கேட்டது.

"ம்... ம்... எப்பலேர்ந்து? ... சரி, முடிஞ்சத உள்ள விரட்டுங்க... இல்ல இல்ல, நாங்க எதுக்கு வரணும்? இங்க ரொம்ப நல்லா இருக்கு. பொண்ணு இப்பதான் ஐஸ்கிரீம் சாப்பிடுறா."

திரும்பி வந்து உட்கார்ந்தார். "அங்க எல்லாம் நல்லா இருக்காம்" என்றார். கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகி, விரல் இடுக்கு வழியாக மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

"பனி ஆரம்பிச்சிடுச்சா?" என்றேன்.

"லேசாத்தான்."

"புதன்கிழமைன்னுதானே போட்டிருந்தான்?"

"அவன் சொல்ற புதன்கிழமை என்னிக்கு சரியா வந்துச்சு?"

"குட்டிங்க எல்லாம் வெளியவா இருக்கு?"

"தோர்கில்ஸ் பாத்துப்பாரு."

"தோர்கில்ஸ் படியே ஏற மாட்டாரு யோருன். அவரு எப்படி பனியில ஆடு விரட்டுவாரு?"

அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"நீ பிப்ரவரியிலேர்ந்து இதுக்காகக் காத்துக்கிட்டிருக்க" என்றார். "உனக்கு இது எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும். நான் வந்து கெடுக்கக் கூடாது."

"எனக்கு ஆசைன்னு யாரு சொன்னா?"

"பிர்கிர்தான். நான் வரலன்னா உன் மனசு உடைஞ்சிடும்னான்."

நான் அவரையே பார்த்தேன். "என்கிட்ட உங்க மனசு உடைஞ்சிடும்னான்."

யோருன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார்.

"கப்பல்ல இருக்கானேன்னு பாக்குறேன்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இல்லன்னா காதத் திருகியிருப்பேன்."

"திருகுவோம். இப்ப எழுந்திருங்க, போலாம்."

"எங்க?"

"வீட்டுக்கு."

அவர் என் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். சட்டென்று எழுந்து காரை நோக்கி நடந்தார். அறுபத்து மூன்று வயதுக்காரர். என்னால் ஓடித்தான் எட்டிப்பிடிக்க முடிந்தது.

கூடார வண்டியை மடக்குவது விரிப்பதைவிட மோசம். வெயிலில் படுத்திருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "வடக்கே பனி" என்று யோருன் ஒரு தரம் உரக்கச் சொன்னார். அவ்வளவுதான், பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒன்றும் கேட்காமல் எழுந்துவந்து மறுமுனையைப் பிடித்தார்.

நாங்கள் ஏற்கெனவே, பனியில் பிடிப்பில்லாத கோடைக்கால டயருக்கு மாறியிருந்தோம். மேட்டுச்சாலையில் பாதி ஏறுவதற்குள் மழை ஈரப்பனியாகி, ஈரப்பனி முழுப்பனியாகிவிட்டது. காற்றில் கூடார வண்டி பின்னாலிருந்து காரை இடமும் வலமுமாக இழுத்தது. எனக்கு முன்னால் ஒரு மீன் லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கு மட்டும்தான் எனக்கு வழி. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை மரத்துப்போனது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அதை அவரிடம் சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"எனக்கும்தான்" என்றார். "வேணும்னா ஓரமா நிறுத்து. ஆடு போனா போகட்டும்."

"நிறுத்தினா அப்புறம் கிளம்ப முடியாது."

"அப்ப மெதுவா போ. லாரிக்காரனுக்கும் வீடு இருக்கும், பாத்துத்தான் ஓட்டுவான்."

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். எந்த ஆடு முரடு, எது சோம்பேறி, எது தன் குட்டியை விட்டுவிட்டு அடுத்ததின் குட்டியைத் திருடப் பார்க்கும் என்று ஊர்வம்பு பேசுவதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் கூடையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, தாளைப் பிரித்து, என் வாயில் வைத்தார். நான் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். அது கரைந்ததும் இன்னொன்று வைத்தார். அப்படியே மேட்டைக் கடந்துவிட்டோம்.

பண்ணை வெள்ளையாக இருந்தது. தோர்கில்ஸ் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, அவர் நாயை வைத்துப் பாதி ஆடுகளை உள்ளே சேர்த்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "விடுமுறை முடிஞ்சிடுச்சா?" என்றார். முகமெல்லாம் பனி, ஆனால் அவர் குரலில் தெரிந்த நிம்மதியை மறக்க மாட்டேன்.

மிச்ச ஆடுகள் மேல் வேலியோரம் ஒண்டி நின்றிருந்தன. வயிற்றுக்கடியில் குட்டிகள். தாயை விரட்டினால் குட்டி பின்னால் வராது. குட்டியைத் தூக்கினால்தான் தாய் கத்திக்கொண்டே வரும். கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் நடந்தோம். வேலி மூலையில் ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவற்றின் தாய் நகராமல் நின்று, காலால் பனியைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே நின்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

யோருன் வந்து பார்த்தார். என் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டார்.

"அழு" என்றார். "நடந்துக்கிட்டே அழு. இன்னும் பாக்கி நிக்குதுங்க."

நடந்துகொண்டே அழுதேன். கடைசியாக நான் தூக்கிய குட்டியிடம் மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து, கொட்டகையில் வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அது என் விரலைச் சப்பியது. யோருன் அடுத்த வரிசையில் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். "சப்புது!" என்று நான் கத்தியதும், வைக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

எல்லாவற்றையும் உள்ளே சேர்த்த பிறகுதான் வீட்டில் மின்சாரம் இல்லை என்று தெரிந்தது. ஈரப்பனியின் கனத்தில் எங்கோ கம்பி அறுந்திருந்தது. வீட்டுக்குள் போனால் பல் கிட்டியது. ஆடுகளின் சூட்டில் கொட்டகைதான் வெதுவெதுப்பாக இருந்தது.

"கூடார வண்டியில கேஸ் அடுப்பு இருக்கு" என்றேன்.

"இருக்கு" என்றார் யோருன்.

"வைக்கோல் பக்கம் கதவு பெருசு. வண்டி உள்ள போகும்."

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தக் கம்பி எங்க போகணும்னு இன்னும் தெரியாதே" என்றார்.

வண்டியைப் பின்பக்கமாக உள்ளே தள்ளி, ஆட்டு வரிசைக்கும் வைக்கோல் கட்டுகளுக்கும் நடுவில் கூடாரத்தை விரித்தோம். முன்னால் மடக்கு நாற்காலி இரண்டைப் போட்டோம். தோர்கில்ஸ் ஒரு கோப்பைக் காபி குடித்துவிட்டு, "எல்லா வசதியும் இருக்கு, கடல் மட்டும்தான் தெரியல" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார். கூடையில் பயணத்துக்கென்று யோருன் கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு முக்கால்வாசி அப்படியே இருந்தது. ரொட்டியில் புகையிட்ட ஆட்டுக்கறி, வெண்ணெய் தடவிய கருவாடு, முறுக்கிவிட்டு எண்ணெயில் பொரித்த இனிப்பு மாவுத் துண்டுகள். சுற்றிலும் ஆடுகள் கத்த, உட்கார்ந்து சாப்பிட்டோம். இவ்வளவு பசியோடு நான் எந்தப் பயணத்திலும் சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிர்கிர் கூப்பிட்டான்.

"எப்படி இருக்கு? எங்க இருக்கீங்க?"

யோருன் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"கூடாரத்துலதான்" என்றேன்.

"கூட்டமா?"

"பயங்கரக் கூட்டம். பக்கத்துல எல்லாம் கைக்குழந்தைக்காரங்க. கொஞ்சமும் அடங்க மாட்டேங்குதுங்க."

சரியாக அந்த நேரத்தில் முரட்டு ஆடு ஒன்று தொண்டை கிழியக் கத்தியது.

"என்ன சத்தம் அது?"

"பக்கத்துக் கூடாரம்" என்றார் யோருன் போனுக்குள். "அந்தம்மா புருஷனத் திட்டுது. எங்கயோ போய் உக்காந்துக்கிட்டு ரெண்டு பக்கமும் பொய் சொல்றானாம்."

அந்தப் பக்கம் பிர்கிர் "அம்மா..." என்று இழுத்தான். யோருன் போனை அணைத்துவிட்டார். இருவரும் நாற்காலியில் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இந்த மாதத்தில் எங்கள் பக்கம் ராத்திரியிலும் இருட்டு கிடையாது. கதவிடுக்கில் சாம்பல் நிற வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. மடியில் அந்தக் குட்டிக்கு நான் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நாம கிளம்பறதுக்கு முன்னாடி நான் அவன்கிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றார் யோருன். "ஸ்வாலாகிட்ட என்ன பேசறதுன்னு."

"என்ன சொன்னான்?"

"வானிலையப் பத்திப் பேசுங்கன்னான்."

"எனக்கும் அதையேதான் சொன்னான்."

அவர் சிரித்தார். பிறகு காபிக் கோப்பையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அவன் கடல்ல இருக்கற மாசம் நீ சாயங்காலம் என்ன பண்ணுவ?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பிர்கிர்கூட.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். ரேடியோவப் போட்டுட்டு சமைப்பேன். கொஞ்சமா சமைக்க இன்னும் வரல. தினமும் மிஞ்சிடுது."

"எனக்கும் மிஞ்சிடுது" என்றார். "அவரு போய் நாலு வருஷமாச்சு. கை இன்னும் பழைய அளவுலதான் உருளைக்கிழங்கு போடுது."

குட்டி பால் குடித்து முடித்து, என் மடியிலேயே தலையைத் தொங்கப்போட்டது.

"ரெண்டு வீட்லயும் தனித்தனியா எதுக்கு மிஞ்சணும்?" என்றார் அவர். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். உனக்கும் தெரியும்."

குட்டியின் ஈர வாயை என் சட்டைக் கைநுனியால் துடைத்தேன். "செவ்வாய்க்கிழமை மீன் பண்ணுவேன்" என்றேன்.

"மீன்னா வரேன்" என்றார்.

இரண்டு நாள் அந்தக் கொட்டகையில் தங்கினோம். மூன்றாம் நாள் காற்று திரும்பியது. மத்தியானத்துக்குள் கூரையிலிருந்து தண்ணீர் ஓட ஆரம்பித்தது. ஆடுகளை மறுபடி வெளியே விட்டோம். என் மடியில் கிடந்த குட்டி தன் தாயிடம் போகாமல் கொஞ்ச நேரம் என் பின்னாலேயே வந்தது. "போ, அங்க போ" என்று நான்தான் விரட்டவேண்டியிருந்தது. இறந்த இரண்டு குட்டிகளையும் யோருன் தோட்டத்துப் பின்னால் புதைத்தார். நான் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போவதற்குள் முடித்திருந்தார்.

பிர்கிர் திரும்பி வந்தபோது புல் கணுக்கால் உயரம் வளர்ந்திருந்தது. அம்மாவும் மனைவியும் சேர்ந்தே துறைமுகத்துக்கு வந்திருப்பதைப் பார்த்து, பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றான். அன்று அவன் காதுக்கு என்ன நடந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை.

"சரி, தப்புதான்" என்றான் காரில் ஏறி உட்கார்ந்ததும். "இப்ப நான் வந்துட்டேன் இல்ல. மூணு பேரும் சேர்ந்து போவோம். கிழக்கே அந்தக் காட்டுக்கு. ஸ்வாலா, உன் திட்டப்படியே."

முன்சீட்டிலிருந்து யோருன் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடி வழியாகப் பின்சீட்டில் இருந்தவனைப் பார்த்தேன்.

"ஆடுகள யாரு பாத்துப்பா?" என்றேன்.

"தோர்கில்ஸ்..."

"அவருக்கு முட்டி சரியில்ல" என்றார் யோருன்.

வியாழக்கிழமை நாங்கள் இருவரும் கிளம்பினோம். ஆடுகளைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட பிர்கிர் பண்ணை வாசலில் நின்று கையாட்டினான். கிழக்கே பத்தொன்பது டிகிரி, வெயில் என்று போட்டிருந்தது. போய்ச் சேர்ந்த நிமிஷத்திலிருந்து மூன்று நாளும் விடாமல் மழை பெய்தது. நாங்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து சீட்டு விளையாடினோம். யோருன் ஏமாற்றி ஏமாற்றி ஜெயித்தார். கேக் நன்றாக இருந்தது.